கமராவுக்கு நேர் கீழே

தொலைந்த குடையைத் தேடித்தான் போனேன்.
காவலாளி நிஷாந்த, முந்தைய நாளின் பதிவை
ஓடவிட்டான்.
திரையில் ஒன்பது சதுரங்கள்.
ஆறாவதில் லிஃப்ட். அதற்குள் ஓர் ஆள்,
உச்சந்தலையில் தேங்காய்ச் சொட்டளவு வெள்ளை.
பாவம், கணக்குப் பிரிவில் யாராவது
ஓய்வுக்குக் கிட்ட நிற்கிறவராய் இருக்கும்
என்று நினைத்தேன்.
அந்த ஆள் என் பையைத் தோள் மாற்றினான்.
என் கோடு போட்ட சேர்ட்டோடு
என் குடையை மூலையில் சாத்திவிட்டு
இறங்கிப் போனான்.

குடை கிடைத்தது.

எனக்கு இருபத்தாறு வயது.
அடையாள அட்டையில் இன்னும்
புருவத்தில் இடிக்கிற முடியோடு இருக்கிறேன்.
வங்கிப் பெண் அட்டையைப் பார்க்கிறாள்,
என்னைப் பார்க்கிறாள்,
பிறகு கையெழுத்தைப் பார்க்கிறாள்.

ஹம்டன் ஒழுங்கைச் சலூனில் லோகேந்திரன்
வெட்டி முடித்துப் பின்பக்கக் கண்ணாடியைக்
காட்டுவதும் எடுப்பதும் ஒரே வீச்சு.
அன்றைக்குக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.
"ரெண்டு வருசமாத் தெரியும் தம்பி" என்றான்.
"காசும் தந்து கவலையும் வாங்கிக்கொண்டு
போவானேன் எண்டுதான்."

பாமசியில் நுரைப் போத்தல்.
காலையில் ஒருக்கா, இரவில் ஒருக்கா.
எவ்வளவு காலத்துக்கு?
"போடும்வரைக்கும் நிக்கும்" என்றாள் பிள்ளை,
மிச்சக் காசை எண்ணிக்கொண்டே.
அப்படியென்றால் இதுவும் வாடகைதான்.
வெள்ளவத்தையில் அறைக்கொன்று,
இனித் தலைக்கொன்று.

குளிசையின் கடதாசியை
நூறாம் இலக்க பஸ்ஸில் விரித்தேன்.
எட்டாய் மடித்தது, விரிக்க விரிக்க வருகிறது.
'அரிதாக' என்று தொடங்கிய ஒரு வரியில்
தெஹிவளையையும் தாண்டிவிட்டேன்.
திரும்ப மடிக்க வரவில்லை.
எவருக்குமே அது திரும்ப மடிக்க வருவதில்லை.

நாவலையில் ஒரு கிளினிக்.
குளிர், வெள்ளைச் சோபா, எலுமிச்சைத் தண்ணீர்.
பேனையால் என் நெற்றியில் எல்லை போட்டார்கள்.
"பின்பக்கம் நல்ல செழிப்பு,
அங்கே பிடுங்கி இங்கே நடலாம்."
ஒரு வேருக்கு இவ்வளவு, மொத்தம் இத்தனை வேர்.
தவணையும் உண்டாம்.
பெருக்கிப் பார்த்தேன்: ஒரு மோட்டார் சைக்கிள்,
அதோடு ஏழு மாதச் சாப்பாடு.
எல்லைக் கோடு அழியாமலே வெளியே வந்தேன்.
ஓட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டுதரம் பார்த்தார்.

அம்மா வவுனியாவிலிருந்து சின்ன வெங்காயம் என்கிறா.
அரைத்துப் பூசட்டாம்.
விற்கிற விலைக்கு
அதைச் சம்பலாக்கித் தின்னலாம் அம்மா.
ஒரு கதை முடிந்தது மாதிரி இருந்துவிட்டு
"அந்த ஆக்களுக்குப் பழைய படத்தைத்தான் அனுப்பினனான்"
என்கிறா மெல்ல.

அவவுக்கு நிரோஜினியைப் பற்றித் தெரியாது.
மாலைகளில் நாங்கள் கடற்கரை வீதியில் நிற்கிறோம்.
காற்று பின்னாலிருந்து வந்தால்
இருக்கிற முடி முன்னுக்கு விழும்.
"கொழும்பு முழுக்கக்
கடலுக்கு முதுகு காட்டி நிக்கிற
ஒரே ஆள் நீதான்" என்றாள்.
சூரியன் அவளுடைய முகத்தில் இறங்குவதைப்
பார்க்கத்தான் என்று சொன்னேன்.
நம்பவில்லை. ஆனாலும் சிரித்தாள்.
ரயில் ஒன்று போனது. அது போய் முடியும்வரை
எதையும் சொல்லாமல் இருக்க வசதியாய் இருந்தது.

நுரைப் போத்தல் ஒன்று வாங்கினேன்,
ஒரு மாதத்துக்கு மட்டும்.
சீல் உடைக்கவில்லை.
மொட்டையடித்தால் எப்படி என்று
ஈரத்தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தேன்.
காதுகள் பெரிசாகின. அப்பாவின் காதுகள்.
அவை இவ்வளவு காலம் எங்கே இருந்தன?

இன்றைக்குக் காலை நல்ல மழை.
லிஃப்டுக்குள் ஏறி, கதவு மூடியதும்
குடையை விரித்தேன்.
கீழே நிஷாந்தவின் ஆறாவது சதுரம் இப்போது
கரை முட்டக் கறுப்பாய் இருக்கும்.

நாலாம் மாடியில் கதவு திறந்தது.
கணக்குப் பிரிவு குணதாச.
குடையைப் பார்த்தார். மேலே கமராவைப் பார்த்தார்.
"உள்ளேயும் பெய்கிறதா?" என்று சிங்களத்தில் கேட்டு,
பதிலுக்கு நிற்காமல்
தன் பளபளத்த தலையையும்
கம்பிகளுக்குக் கீழே நுழைத்துக்கொண்டார்.